விமானத் தாமதம்: பயணியின் நேரத்துக்கு விலை இல்லையா?

வெறும் ரூ.12 ஆயிரம் தொடர்பான வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை சென்றது. விமானத் தாமதத்துக்கு இழப்பீடு கோரும் உரிமை குறித்து இந்தியாவில் யார் பேசினாலும் அந்த வழக்கிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

2007 டிசம்பர் 14-ஆம் தேதி தில்லியில் இருந்து ஹைதராபாத் செல்ல இண்டிகோ விமானத்தில் ஒருவர் பயணச்சீட்டு வாங்கியிருந்தார். காலையில் கிளம்ப வேண்டிய விமானம், கடும் மூடுபனி காரணமாக மாலையில்தான் கிளம்பியது. விமானத்துக்குள் பல மணி நேரம் உரிய உணவும் வசதியும் இன்றி அடைபட்டுக் கிடந்ததாக, ஹைதராபாதில் உள்ள நிரந்தர மக்கள் நீதிமன்றத்தில் அவர் முறையிட்டார். இழப்பீடாக ரூ.10 ஆயிரமும், வழக்குச் செலவாக ரூ.2 ஆயிரமும் வழங்க உத்தரவிடப்பட்டது. ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. விமான நிறுவனம் உச்ச நீதிமன்றத்தை நாடியது.

வெற்றியும் தோல்வியும்: 2011 ஜூலை 4-ஆம் தேதி வெளியான தீர்ப்பில் இரு தரப்புக்கும் பங்கு இருந்தது. தகராறு எதுவானாலும் தில்லி நீதிமன்றங்களில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற பயணச்சீட்டு நிபந்தனையைக் காட்டி, ஹைதராபாத் மக்கள் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று நிறுவனம் வாதிட்டது. அந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. குறைந்த கட்டணச் சேவை என்ற காரணத்தைச் சொல்லி, தாமதத்தின்போது அளிக்க வேண்டிய குறைந்தபட்ச வசதிகளைத் தட்டிக்கழிக்க முடியாது என்றும் தெளிவுபடுத்தியது. ஆனால் மூடுபனிக்கு நிறுவனம் பொறுப்பல்ல, சேவைக் குறைபாடும் நிரூபிக்கப்படவில்லை என்று கூறி இழப்பீட்டு உத்தரவை ரத்து செய்தது. வழக்குத் தொடரும் வழி திறந்தது. பயணிக்குத் தொகை கிடைக்கவில்லை.

மூடுபனிக்கு நிறுவனத்தைத் தண்டிப்பது முறையல்ல என்பதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால், எல்லாத் தாமதங்களும் இயற்கையால் நேர்வனவா? விமானி பற்றாக்குறை, திட்டமிடல் கோளாறு, இருக்கும் விமானங்களைக் கொண்டு இயலாத அட்டவணையை வகுப்பது போன்றவற்றால் நேரும் தாமதத்துக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்குத்தான் இந்திய விதிகளில் தெளிவான விடை இல்லை.

விதியில் உள்ள இடைவெளி: விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) பயணியர் வசதி விதிகள் 2010 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்து, 2016-இல் திருத்தப்பட்டன. அவற்றின்படி, உரிய முன்னறிவிப்பின்றி விமானம் ரத்தானால், பயண நேரத்தைப் பொருத்து ரூ.5 ஆயிரம் முதல் ரூ.10 ஆயிரம் வரை, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அதை நிறுவனம் தர வேண்டும். இருக்கை உறுதியான பயணியை ஏற்ற மறுத்தால் ரூ.20 ஆயிரம் வரை தர வேண்டியிருக்கும்.

தாமதம் என்று வரும்போது விதியின் குரல் தணிந்துவிடுகிறது. குறிப்பிட்ட நேரத்தைக் கடந்தால் உணவு, சிற்றுண்டி. ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமை. 24 மணி நேரத்தைத் தாண்டினாலோ, இரவு நேர விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ ஹோட்டல் வசதி. அவ்வளவே. நேர்முகத் தேர்வைத் தவறவிட்டவருக்கும், உறவினரின் இறுதிச் சடங்கில் பங்கேற்க முடியாமல் போனவருக்கும் ஒரு பொட்டலம் சிற்றுண்டியும் ஒரு குப்பித் தண்ணீரும்தான் ஆறுதல். ரத்து என்று அறிவித்தால் பணம் தர வேண்டும். தாமதம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் தர வேண்டியதில்லை என்ற நிலை யாருக்குச் சாதகம் என்பதை விளக்கத் தேவையில்லை.

இதே முரண்பாட்டை ஐரோப்பா எதிர்கொண்டது. 2005 முதல் அங்கு நடைமுறையில் உள்ள விதி, விமான ரத்துக்கு 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு நிர்ணயித்தது. தாமதத்துக்குத் தொகை எதையும் அது குறிப்பிடவில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சென்று சேரும் பயணிக்கும் ரத்தானவருக்கு உரிய இழப்பீடு உண்டு என்று 2009 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழலுக்கு அங்கும் விலக்கு உண்டு. ஆனால், அதை நிரூபிக்க வேண்டியது நிறுவனம்.

2025 டிசம்பர் பாடம்: விமானிகளின் ஓய்வு நேரத்தை உயர்த்தும் விதிகள் 2024 ஜனவரியிலேயே வெளியிடப்பட்டன. அவற்றின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1-இல் அமலுக்கு வந்தது. அதற்குப் போதிய ஆயத்தம் இன்றி இண்டிகோவின் சேவை நிலைகுலைந்தது. டிசம்பர் 5-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் அதிகமான விமானங்கள் ரத்தாயின. ஹைதராபாதின் ஷம்சாபாத் உள்பட நாட்டின் முக்கிய விமான நிலையங்களில் பயணிகள் தவித்தனர். இம்முறை வானத்தின் மீது பழி போட வழியில்லை.

விதிப்படியான இழப்பீட்டுடன், கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு ரூ.10 ஆயிரம் மதிப்புள்ள பயணக் கூப்பன் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அதே நிறுவனத்தில் மீண்டும் பயணம் செய்தால் மட்டுமே அந்தக் கூப்பனுக்கு மதிப்பு. உரிமையாக வர வேண்டியது சலுகையாக வந்தது. டி.ஜி.சி.ஏ. பின்னர் அபராதமும் விதித்தது. ஆனால், அபராதத்தால் பயணியின் இழப்பு ஈடாவதில்லை.

கட்டணம் குறைவு, லாபம் சொற்பம், இழப்பீடு கட்டணத்தை உயர்த்தும் என்பது நிறுவனங்களின் வாதம். ரயில் கட்டணம் அதனினும் குறைவு. இருந்தும், அஜ்மீர் - ஜம்மு ரயில் நான்கு மணி நேரம் தாமதமானதால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட பயணிக்கு ரூ.30 ஆயிரம் வழங்கும் உத்தரவை 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தாமதத்துக்கான காரணம் தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்பதை ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும் என்றும் கூறியது. ரயில்வேக்குப் பொருந்தும் நியாயம் விமான நிறுவனத்துக்குப் பொருந்தாதா?

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பயணி தான் வசிக்கும் ஊரிலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். இணையவழியிலும் மனு அளிக்கலாம். பயணச்சீட்டு, தாமதம் குறித்து வந்த குறுஞ்செய்திகள், மாற்றுப் பயணத்துக்கான ரசீதுகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது அவசியம். ஆனால், ரூ.10 ஆயிரத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலைய எத்தனை பேருக்கு இயலும்? நிறுவனங்களிடம் வழக்கறிஞர் படை இருக்கிறது. பயணியிடம் இருப்பது விடுப்பு எடுக்க வேண்டிய ஒரு வேலை.

1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாரதிய வாயுயான் அதினியம், 2025 ஜனவரி 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. தாமதத்துக்கான நிர்ணயத் தொகை அதிலும் இடம்பெறவில்லை. இனியும் காத்திருக்கத் தேவையில்லை, டி.ஜி.சி.ஏ. விதிகளைத் திருத்தினாலே போதும். மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட தாமதத்துக்கு நிர்ணயத் தொகை, காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்திடம், பயணி கேட்காமலேயே அவரது கணக்கில் பணம் ஆகிய மூன்றும் விதியாக வேண்டும்.

விமானம் புறப்பட்ட பிறகு ஒரு நிமிடம் தாமதமாக வரும் பயணி தன் கட்டணத்தை இழக்கிறார். அவருடைய நேரத்துக்கும் அதே கண்டிப்புடன் கணக்குப் பார்க்கப்படுவதே நியாயம்.