முழங்கால் என்ன பழைய மெஷினா?

முழங்கால் வலி என்று போனால் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துவிட்டு "தேய்மானம்" என்பார்கள். போனவரும் அதற்குமேல் ஒன்றும் கேட்பதில்லை. தேய்ந்தது தேய்ந்ததுதானே!

பி.காம். மாணவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சொல் இது. இயந்திரத்தின் விலையில் வருடம் 10 சதவீதம் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் காயலான் கடைக்கு அனுப்புகிற அதே தேய்மானம். மூட்டை அந்தக் கணக்கில் எழுதுவது தப்பு.

குருத்தெலும்பில் ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. அது தேய்ந்தால் அதற்கே வலி தெரியாது! வலியில் பெரும்பங்கு வேறு இடத்திலிருந்து வருகிறது. மூட்டின் உள்ளுறையில் அழற்சி உண்டாகி வீங்குகிறது. அங்கே புது ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. அடி எலும்பிலிருந்தும் குழாய்கள் கிளம்பி, நரம்பு இழைகளையும் கூட்டிக்கொண்டு குருத்தெலும்புக்குள் நுழைகின்றன. குழாய் வழியே அழற்சி செல்கள் வர, அவை சுரக்கும் பொருட்களால் இன்னும் குழாய்கள் வளர... வட்டிக்கு வட்டிதான்.

அப்படியானால் குழாயை அடைத்துவிட்டால்? ஜப்பானில் யூஜி ஒகுனோ குழுவினர் அதைத்தான் செய்தார்கள். முழங்காலுக்குப் போகும் தமனியில் மெல்லிய குழாயைச் செலுத்தி நுண்துகள்களால் அடைத்தார்கள். 2015-ல் வெளியான கட்டுரையில் 14 பேர், வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் பின்னர் நெதர்லாந்தில் பாதிப் பேருக்கு நிஜ சிகிச்சை, பாதிப் பேருக்குப் பாவனை என்று செய்து பார்த்தபோது, இரு தரப்பிலும் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. எனவே இதற்கு உத்தரவாதம் தருகிறவரிடம் பர்ஸைத் திறக்க அவசரம் வேண்டாம்.

அழற்சியை ஸ்டீராய்டு ஊசியால் அடக்கலாமே என்றால், அதற்கும் ஒரு பதில் வந்துவிட்டது. அமெரிக்காவில் 140 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு உப்புநீர் என்று 3 மாதத்துக்கு ஒருமுறை, 2 வருடம் போட்டார்கள். 2017-ல் வந்த முடிவு: உப்புநீர் ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்புதான் அதிகம் குறைந்தது. (தற்காலிக நிவாரணத்துக்கு எப்போதாவது ஒன்று போடுவது வேறு விஷயம்.)

மிச்சம் இருப்பது கவர்ச்சியில்லாத வைத்தியம். தொடைத் தசைக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு. இங்கேதான் அந்தச் சொல் கெடுதல் செய்கிறது. நடந்தால் இன்னும் தேயும் என்று பயந்து ஆள் உட்கார்ந்துவிடுகிறார். தசை இளைக்கிறது, எடை ஏறுகிறது, சேர்ந்த கொழுப்பும் தன் பங்குக்கு அழற்சியைத் தூண்டுகிறது. முற்றிய நிலையில் மூட்டு மாற்று அறுவை தேவைப்படுவோர் உண்டுதான். ஆனால் ஐம்பது வயதில் முதன்முதலாக வலிக்கிறது என்று வருகிறவரிடம் "மூட்டில் அழற்சி இருக்கிறது, பயிற்சி செய்தால் குறையும்" என்று சொல்ல டாக்டருக்கு அரை நிமிடம் கூட ஆகாது.