கர்த்தருடைய சபைக்குப் பத்திரம் எதற்கு?

"இது கர்த்தருடைய ஊழியம் பிரதர், கம்பெனி கிடையாது." சபையின் சொத்து, கணக்கு, விதிமுறை என்று யாராவது வாய் திறந்தால் தமிழ்நாட்டின் சுயாதீன சபைகளில் வரும் பதில் இது. பேச்சு அத்தோடு முடிந்துவிட வேண்டும். கேட்டவருக்கு விசுவாசக் குறைவு. விடாமல் கேட்டால் கலகக்காரர், மோசேயை எதிர்த்த கோராகின் கூட்டம். பதில் சொன்னவருடைய கார் மட்டும் அவர் பெயரில், ஆர்.சி. புத்தகத்தோடு, இன்ஷூரன்ஸ் ஒரு நாள்கூடத் தவறாமல் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் வாங்க அவர் எடுத்துப்போகாத சான்றிதழ் இருக்காது. காகிதத்தின் மேலுள்ள அருவருப்பு சபைக் கணக்குக்கு மட்டுமே உரியது.

பாவம், பல விசுவாசிகளும் இதை மனதார நம்புகிறார்கள். எழுத்து, கையெழுத்து, சாட்சி, தணிக்கை எல்லாம் உலகத்துக்குரியவை. ஆவியானவர் நடத்தும் இடத்தில் இவற்றைக் கேட்பதே அவரைச் சந்தேகிப்பதற்குச் சமம் என்று ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அவர்கள் ஞாயிறுதோறும் கையில் பிடித்துப் போகும் புத்தகமே இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது.

எரேமியா 32ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். பாபிலோன் படை எருசலேமைச் சூழ்ந்திருக்கிறது. தீர்க்கதரிசி காவலில் கிடக்கிறார். நாடே கைவிட்டுப் போகப்போகிறது என்று சொன்னவரும் அவரே. அந்த நேரத்தில் ஆனதோத்திலுள்ள ஒரு நிலத்தைத் தன் உறவினரிடமிருந்து 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். எப்படி வாங்குகிறார்? பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை போடுகிறார். சாட்சிகளை வைத்துக்கொண்டு வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் மண்பாண்டத்தில் போட்டுப் பத்திரப்படுத்தச் சொல்கிறார், நெடுநாள் கெடாமல் இருக்க. தன் எழுத்தர் பாரூக்கிடம் சொல்லிவிட்டால் போதாதா, கர்த்தர் அறிவார் என்று விட்டிருக்கலாமே? அவர் அப்படி விடவில்லை. சாராளை அடக்கம் செய்ய ஆபிரகாம் மக்பேலா குகையை வாங்கியபோதும் ஊர் வாசலில் எல்லார் முன்னிலையிலும் 400 சேக்கல் நிறுத்துக் கொடுத்தார். இலவசமாகத் தருகிறேன் என்று நிலத்தின் சொந்தக்காரர் எப்பெரோன் சொல்லியும் அவர் ஏற்கவில்லை.

புதிய ஏற்பாட்டிலும் இதே கதைதான். பந்தி விசாரிப்பில் தங்கள் விதவைகள் விடப்பட்டார்கள் என்று எருசலேம் சபையில் முறுமுறுப்பு எழுந்தபோது, முறுமுறுத்தவர்களை அப்போஸ்தலர் அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள், தெரிந்தெடுத்தது சபை. எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைக் கொண்டுபோகும்போது பவுல் தனியாகப் போகவில்லை. சபைகள் நியமித்த ஆளைக் கூட வைத்துக்கொண்டார். யாரும் குறை சொல்ல இடமிருக்கக் கூடாது, கர்த்தர் முன் மட்டுமல்ல, மனிதர் முன்பும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கொடுத்த காரணம். பவுலுக்கே தேவைப்பட்ட சாட்சி நம் ஊர் பாஸ்டருக்குத் தேவையில்லை என்றால், யாருடைய அபிஷேகம் பெரிது என்று கேட்கத் தோன்றுகிறது.

பாஸ்டர்களை அவர்கள் வேதத்திலேயே விட்டுவிட்டு நிலத்துக்கு வருவோம். வாடகை மண்டபத்தில் தொடங்கிய சபை வளர்கிறது. கட்டட நிதிக்கு உபவாச ஜெபம். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுப்பவர் உண்டு, பி.எஃப். பணத்தை எடுத்துக் கொடுப்பவர் உண்டு. ஐந்து சென்ட் வாங்கப்படுகிறது. சபை எங்கும் பதிவாகவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு அப்படி ஒரு ஆள் இல்லை. அதன் பெயரில் பத்திரம் எழுத முடியாது. ஆகவே "இப்போதைக்கு" பாஸ்டர் பெயரில். அந்த இப்போதைக்கு இருபது வருடம் நீளும். ஒருநாள் அவர் உயில் எழுதாமல் கண்ணை மூடுகிறார். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலில்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. பலிபீடம், ஞானஸ்நானத் தொட்டி, மைக் செட் வைத்த மேடை எல்லாம் அந்தப் பங்கில் அடக்கம். பிள்ளைகளில் ஒருவர் வெளிநாட்டில் இருப்பார், தன் பாகத்தை விற்கச் சொல்வார். அவர்மேல் என்ன தப்பு? பத்திரம் அவர் அப்பா பெயரில் இருக்கிறது. எங்கள் காணிக்கையில் வாங்கியது என்று சபையார் வழக்குப் போடலாம். போட்டால் நீதிமன்றம் ரசீது கேட்கும். ரசீது கேட்டவர்களைத்தான் கோராகின் கூட்டம் என்று எப்போதோ வெளியேற்றியாயிற்றே.

இப்போது திரையில் பாட்டு வரிகளுக்குப் பக்கத்தில் ஒரு கியூஆர் கோடும் வருகிறது. ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் தனிநபர் பெயர்தான் தெரியும். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பது கொடுப்பவருக்குச் சொன்ன அறிவுரை. வாங்குபவர் அதைத் தனக்கு எடுத்துக்கொண்டார். தனிநபர் கணக்கில் விழும் பணத்தை அவருடைய சொந்த வருமானமாக வரித்துறை பார்த்தால் ஊழியத்தின் பெயரைச் சொல்லித் தப்ப முடியாது. முறையாகப் பதிவு செய்து வரிவிலக்கு பெற்ற, முழுக்க சமய நோக்கமுள்ள அறக்கட்டளை என்றால், உண்டியலில் பெயரில்லாமல் விழும் காணிக்கைக்குச் சட்டமே சலுகை தருகிறது.

நாங்கள் டிரஸ்ட் போட்டுவிட்டோம் என்று சிலர் நிமிர்ந்து சொல்வார்கள். அந்த டிரஸ்ட் டீடை வாங்கிப் படியுங்கள். ஸ்தாபகர் ஆயுள் அறங்காவலர். நிர்வாக அறங்காவலர் அவர் மனைவி. அவருக்குப்பின் மூத்த மகன். புதிய அறங்காவலரை நியமிக்கவும் நீக்கவும் ஸ்தாபகருக்கே முழு அதிகாரம். விசுவாசிகள் என்ற சொல் அதில் ஒரு இடத்திலும் வராது; வந்தால் கொடுக்கிறவர்களாக வரும். பத்திர எழுத்தர் தன்னிடமிருந்த மாதிரியில் பெயரை மாற்றி அடித்துக் கொடுத்த காகிதம் அது. காகிதம் வேண்டாம் என்ற அதே நம்பிக்கைதான் இங்கே முத்திரைத்தாளில் உட்கார்ந்திருக்கிறது: தேவ மனிதன் கணக்குச் சொல்ல வேண்டியவன் இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. டிரஸ்ட் என்றதும் 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டத்தைப் பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறார்கள். அந்தச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. பொது சமய அறக்கட்டளைகளுக்குப் பொருந்தாது என்று முதல் பிரிவே சொல்கிறது. மகாராஷ்டிரத்தில் 1950ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டமும், அதன்கீழ் அறநிலைய ஆணையரும் உண்டு. இங்கே சபை டிரஸ்டுகளுக்கு அப்படி ஒரு கண்காணிப்பாளர் இல்லை. தப்பு நடந்தால் விசுவாசிகளுக்கு இருக்கும் முக்கிய வழி, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு. அக்கறையுள்ள இருவராவது சேர்ந்து, நீதிமன்ற அனுமதி வாங்கி, வழக்குத் தொடுக்க வேண்டும். எத்தனை பேருக்கு அந்தத் தெம்பு இருக்கும்?

சங்கமாகப் பதிவு செய்வது இதைவிட நேர்மையான வழி. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேராவது சேர வேண்டும். நிர்வாகக் குழுவின் காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த கணக்கை வைத்து, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டால் பதிவாளர் விசாரிக்கலாம். ஊழியர்கள் சங்கத்தை விட்டு டிரஸ்ட் பக்கம் ஓடுவதற்கான காரணமும் இந்த நான்கு வாக்கியங்களுக்குள்ளேயே இருக்கிறது.

கல்யாணம் வேறு விதமான ஆபத்து. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பேராயர் கையால் குருப்பட்டம் பெறாத சுயாதீன சபைப் பாஸ்டருக்குத் திருமணம் நடத்த அரசின் உரிமம் வேண்டும். இல்லாமல் நடத்தினால் பத்தாண்டு வரை சிறை என்கிறது 68ஆம் பிரிவு. உரிமம் இருக்கிறதா என்று எந்தப் பெண்வீட்டாராவது கேட்டுப் பார்த்திருக்கிறார்களா? பாஸ்போர்ட்டுக்கோ விசாவுக்கோ சான்றிதழைக் கொண்டுபோகும்போதுதான் அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியவரும்.

ஞாயிறு பள்ளியிலும் விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் பாடம் நடத்தலாம், ஒரு பெரியவர் பிள்ளையோடு தனியறையில் இருக்கலாமா, புகார் வந்தால் யாரிடம் சொல்வது என்று எழுதி வைத்த சபைகள் மிகக் குறைவு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். "குடும்ப மானம் போகும், ஜெபிப்போம்" என்று மூடி மறைக்கும் மூப்பருக்கும் சேர்த்துத்தான் அந்தச் சட்டம்.

ஒரு எதிர்வாதத்தை மட்டும் அலட்சியமாகத் தள்ள மாட்டேன். பெயர், விலாசம், உறுப்பினர் பட்டியல் எல்லாவற்றையும் எழுதி அரசிடம் கொடுத்தால் நாளை அதையே வைத்து நம்மை நெருக்குவார்கள் என்ற பயம். 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்த காலத்தை மறக்காதவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வீட்டுக்கு என்று அனுமதி வாங்கிச் சபை நடத்தும் இடத்துக்குத் தாசில்தார் வந்து நிற்கும்போது, பாதுகாப்பு எங்கே இருக்கிறது? வழிபாட்டுக் கட்டடத்துக்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்ற விதி நியாயமா என்று நீதிமன்றத்தில் வாதாடலாம். வாதாட ஒரு விண்ணப்பமும் அதன் மறுப்புக் கடிதமும் கையில் வேண்டாமா? அரசியல் சட்டத்தின் 26ஆம் பிரிவு சமயப் பிரிவினருக்குச் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. அதை நிர்வகிப்பது சட்டத்துக்கு உட்பட்டு என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது.

"சி.எஸ்.ஐ.யைப் பாருங்கள், காகிதம் மலையாகக் கிடக்கிறது, கோர்ட்டிலேயே குடியிருக்கிறார்கள்" என்பார்கள். உண்மைதான். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது. அமைப்புவிதி உண்டு, சொத்துகளைத் தன் பெயரில் வைத்திருக்க ஒரு கம்பெனியே உண்டு, சேகரக் கமிட்டி முதல் சினாடு வரை தேர்தல் உண்டு. சண்டைக்கும் குறைவில்லை. பேராயர்களின் ஓய்வு வயதை 67இலிருந்து 70ஆக உயர்த்தும் திருத்தம் வழக்காகிச் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2024இல் அந்த நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நிர்வாகிகளாக நியமித்தது. அசிங்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் சாதாரண உறுப்பினர் பேராயரை எதிர்த்து நீதிமன்றப் படி ஏற முடிந்ததே, 67 என்று ஒரு எண் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்ததால்தான். மீறுவதற்கு விதியே இல்லாத சபையில் யாரும் எதையும் மீறியதாக வழக்கே வராது. அந்த அமைதியைச் சாட்சியாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

கேரளத்தில் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய சபைகளின் நூற்றாண்டுச் சண்டையில் 1995இலும் 2017இலும் உச்ச நீதிமன்றம் கையில் எடுத்துப் படித்தது 1934இல் எழுதிய சபை அமைப்புவிதியைத்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலயங்களின் நிர்வாகம் அந்த ஒரு எழுத்தைச் சுற்றிச் சுழன்றது. தீர்ப்பு பிடிக்காதவர்களும் வாதாட அதைத்தான் மேற்கோள் காட்ட வேண்டியிருந்தது.

உங்கள் சபை எப்படி என்று தெரிந்துகொள்ள பாஸ்டரிடம் அனுமதி கேட்கவோ அவர் முகம் வாடுவதைப் பார்க்கவோ அவசியமில்லை. நிலப் பத்திரங்கள் பொது ஆவணங்கள்; கட்டணம் கட்டினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் யாருக்கும் நகல் தருவார்கள். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஊர், சர்வே எண் இரண்டும் தெரிந்தால் போதும். வாங்கியவர் என்ற கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள்.