பின்னால் ஒருவர் இருக்கிறார்!



விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, "ஜன்னல் சீட் எனக்குத்தான்!" என்று அண்ணனும் தங்கையும் போடுகிற சண்டையைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. அது வீட்டுச் சண்டை. அம்மா ஓர் அதட்டல் போட்டால் அடங்கிவிடும். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே இடத்துக்காக முறைத்துக்கொள்கிறார்களே, அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன். அந்த இருவரில் ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்.

முதலில் இரவு ரயிலுக்குள் ஏறுவோம். ஸ்லீப்பர் பெட்டியில் ஒரு தடுப்புக்கு எட்டுப் படுக்கைகள். எதிரெதிரே மும்மூன்று, நடைபாதைக்கு அந்தப் பக்கம் இரண்டு. இதில் வில்லங்கம் பிடித்தது 'மிடில் பெர்த்'. பகலில் அது கீழே மடங்கி, உட்கார்ந்திருப்பவர்களுக்கு முதுகுச் சாய்வாக இருக்கும். அதைத் தூக்கிச் சங்கிலியில் மாட்டிவிட்டால் ஒருவருக்குப் படுக்கை கிடைத்துவிடும். ஆனால், கீழே இருப்பவரால் நிமிர்ந்து உட்கார முடியாது. ஒருவருடைய படுக்கைதான் இன்னொருவருடைய சாய்வு! பெட்டியைக் கட்டியவர்கள் இடத்தை மிச்சம் பிடிக்க நல்ல யோசனைதான் செய்திருக்கிறார்கள். கூடவே ஒரு சண்டையையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

இதற்கு விதி இருக்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் படுக்கும் நேரம். மற்ற நேரத்தில் எல்லோரும் உட்காரும்படி மிடில் பெர்த்தை இறக்கிவிட வேண்டும். முன்பு இரவு 9 மணி என்று இருந்ததை, 2017 ஆகஸ்ட்டில் ரயில்வே வாரியம் 10 மணி என்று மாற்றியது. நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோர் கூடுதல் நேரம் படுத்துக்கொள்ள மற்றவர்கள் ஒத்துழைக்க வேண்டும் என்றும் அதிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறது.

அப்படியிருக்க, நடப்பது என்ன? ரயில் புறப்பட்டு அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. மணி ஏழரை. கைப்பேசியில் படம் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரு வாலிபர் மிடில் பெர்த்தைத் தூக்கி மாட்டிக்கொண்டு ஏறிப் படுத்துவிடுவார். கீழே ஒரு பாட்டி, கழுத்தை ஒரு பக்கம் மடித்து, எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். "தம்பி, கொஞ்சம் இறக்கேன்" என்று கேட்க அவருக்குக் கூச்சம். இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

நியாயம் பாட்டி பக்கம் மட்டும்தான் என்று சொல்லிவிடாதீர்கள். மணி பத்தரை ஆகியும் கீழ்ப் படுக்கையில் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து அரசியல் பேசிக்கொண்டிருப்பார்கள். மிடில் பெர்த்காரர் போர்வையைக் கையில் பிடித்தபடி நடைபாதையில் நின்றுகொண்டிருப்பார். அவரும் காசு கொடுத்துத்தானே டிக்கெட் வாங்கினார்? பத்து மணி ஆனால் எழுந்து கொடுத்துவிட வேண்டும். இதில் வயது பார்க்க வேண்டியதில்லை.

இன்னொன்று. சங்கிலியை மாட்டியதும் இரண்டு பக்கமும் பெரியவர் ஒருவரை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2024 ஜூன் மாதம், கேரளத்திலிருந்து டில்லி போன ரயிலில், மேலிருந்த படுக்கை கீழே படுத்திருந்தவர் மீது விழுந்தது. அவர் பிழைக்கவில்லை. படுக்கையில் பழுது இல்லை, சங்கிலி சரியாக மாட்டப்படவில்லை என்று ரயில்வே விளக்கம் சொன்னது. விழுவது மேலே இருப்பவர். அடிபடுவது கீழே இருப்பவர். ஆகவே இதில் அவசரம் கூடாது.

சரி, அந்தப் படுக்கை மெத்தென்று இருக்கிறதே, அது எப்போதும் அப்படித்தான் இருந்ததா? இல்லவே இல்லை! உங்கள் தாத்தா, பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். வெறும் மரப்பலகை. இரவு முழுவதும் அதில் படுத்து எழுந்தால், காலையில் இடுப்பு நம்மிடம் பேசாது! மது தண்டவதே என்பவர் 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்தார். அவர் மும்பையில் கல்லூரி ஒன்றில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். (வாத்தியார் என்பதால் நான் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறேன்.) இரண்டாம் வகுப்புப் பலகைகள் மேல் இரண்டு அங்குல நுரைமெத்தை போட வைத்தவர் அவர்தான். இரண்டே அங்குலம். நீங்கள் கணக்குப் போடும் ஸ்கேலில் அளந்து பாருங்கள். இவ்வளவுதானா என்று தோன்றும். பலகையில் படுத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இப்போது பகல் ரயிலுக்கு வருவோம். 'சேர் கார்' பெட்டியில் பின்னால் சாயும் இருக்கை. சொகுசுப் பேருந்தில் இதையே 'புஷ்பேக் சீட்' என்கிறோம். கைப்பிடிப் பக்கம் இருக்கும் விசையை அழுத்தி முதுகால் தள்ளினால் சாய்ந்துவிடும். உங்களில் பலருக்கு அதுதான் பயணத்தின் முதல் விளையாட்டு, இல்லையா?

ஒரு முறை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமி, தக்காளி சூப் கோப்பையைத் தன் முன்னால் இருந்த தட்டுப்பலகையில் வைத்திருந்தாள். அந்தத் தட்டுப்பலகை எதில் மாட்டியிருக்கிறது? முன்னால் இருப்பவரின் இருக்கை முதுகில்! அவர் தடாலென்று சாய்ந்தார். சூடான சூப் முழுவதும் அவள் பாவாடையில். நல்லவேளை, துணி தடிமனாக இருந்ததால் தொடையில் கொஞ்சம் சிவந்ததோடு போயிற்று. அவர் கெட்டவர் இல்லை. பதறிப்போய்த் தன் துண்டை எடுத்துக் கொடுத்தார். சாய்வதற்கு முன்னால் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

விமானத்தில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. ஏனென்றால் இடம் இன்னும் குறைவு. ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து, முன் இருக்கையின் அதே புள்ளி வரை உள்ள தூரத்தை 'சீட் பிட்ச்' என்பார்கள். சாதாரண வகுப்பில் பல விமானங்களில் இது சுமார் 30 அங்குலம். சிலவற்றில் 28 அங்குலம்தான். உங்கள் ஓரடி ஸ்கேலைத் தரையில் இரண்டரை முறை வைத்துப் பாருங்கள். அந்த இடத்துக்குள் இருக்கையின் கனமும், உங்கள் காலும், தட்டுப்பலகையும் எல்லாம் அடங்க வேண்டும். உயரமான மாமா ஒருவர் அங்கே உட்கார்ந்தால் அவர் முழங்கால் எங்கே போகும்?

2014 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் இதற்காக ஒரு விமானமே வழி மாறியது. முன் இருக்கை சாயாதபடி தடுக்கும் சிறு பிளாஸ்டிக் கருவியை ஒரு பயணி மாட்டினார். சாய முடியாத முன் இருக்கைப் பெண் கோபத்தில் அவர் மீது தண்ணீரை ஊற்றினார். டென்வர் நகருக்குப் போக வேண்டிய விமானம் சிகாகோவில் இறங்கி, இருவரையும் இறக்கிவிட்டுவிட்டுப் போனது! இருவருமே நாற்பது வயதைத் தாண்டியவர்கள். எட்டாம் வகுப்புப் பெஞ்சில்கூட இப்படிச் சண்டை நடந்து நான் பார்த்ததில்லை.

யார் மீது தவறு? எனக்கென்னவோ இருவரையும்விட, அந்த இருக்கைகளை இவ்வளவு நெருக்கமாகப் போட்டவர்கள் மீதுதான் கோபம் வருகிறது. அந்தச் சிறு இடத்தை, சாய்வதற்கு என்று முன்னால் இருப்பவருக்கும், முழங்காலுக்கு என்று பின்னால் இருப்பவருக்கும் விற்றுவிட்டார்கள். ஒரே பொருளை இரண்டு பேருக்கு விற்றால் கடைத்தெருவில் சும்மா விடுவார்களா? இதனால்தானோ என்னவோ, சில நிறுவனங்கள் சாயவே சாயாத இருக்கைகளைப் போட்டுவிட்டன.

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் இருக்கையை நிமிர்த்தச் சொல்வார்கள். அதைத் தொந்தரவு என்று நினைக்கக் கூடாது. ஆபத்து வந்தால் அத்தனை பேரும் 90 விநாடிக்குள், அதுவும் பாதிக் கதவுகள் வழியாகவே வெளியேற முடிகிறதா என்று பெரிய விமானங்களைச் சோதிக்கிறார்கள். ஏ380 என்ற இரண்டு மாடி விமானத்தை 2006ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் இருட்டில் வைத்துச் சோதித்தபோது, 873 பேர் 78 விநாடியில் வெளியேறினார்கள்! ஓர் இருக்கை சாய்ந்து கிடந்தால் பின்வரிசைக்காரருக்கு எழுந்து வர வழி எங்கே இருக்கும்?

"அப்படியானால் சாயவே கூடாதா, ஐயா?" என்று கேட்பீர்கள். சாயலாம். 'சாய்வதே அநாகரிகம்' என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முதுகு வலிக்காரருக்கு நாலைந்து மணி நேரம் நிமிர்ந்தே உட்காருவது தண்டனை. இரவுப் பயணத்தில் எல்லோரும் தூங்கும்போது சாய்வதில் தவறே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நிமிர்த்திவிடுங்கள். சாயும் முன் ஒரு தடவை திரும்பி, "அண்ணா, கொஞ்சம் சாய்ஞ்சுக்கட்டுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "தாராளமா" என்றுதான் பதில் வரும். "மடியில குழந்தை தூங்குது" என்று பதில் வந்தால், பாதி சாயுங்கள். அந்த விசை முழுதாகத்தான் சாய்க்கும் என்பதில்லை. கொஞ்சமாகச் சாய்த்தும் நிறுத்தலாம்.

பின்னால் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலை ஆட்டி ஆட்டி முன் இருக்கையை உதைப்பது யார்? பெரியவர்கள் அதிகம் செய்வதில்லை, கண்ணுகளா! எழுந்து நிற்கும்போது முன் இருக்கையின் தலைப்பக்கத்தைப் பிடித்து இழுப்பதும் வேண்டாம். அங்கே ஒருவர் கண்ணயர்ந்திருப்பார்.

விதியே இல்லாத ஓர் இடமும் ரயிலில் உண்டு. அதுதான் ஆர்.ஏ.சி. டிக்கெட். பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை ஒன்றை இருவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். உட்கார இடம் உறுதி. யார் எப்போது கால் நீட்டுவது என்பதை அவர்களேதான் பேசி முடிவு செய்ய வேண்டும். சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயிலில், என் எதிரே அப்படி ஒரு கல்லூரிப் பெண்ணும் ஒரு பாட்டியும் வந்தார்கள். "எனக்கு முன்தூக்கம் வராதும்மா. திருச்சி வரைக்கும் நீ படு. அப்புறம் நான் படுக்கிறேன்" என்றார் பாட்டி. அந்தப் பெண் கைப்பேசியில் திருச்சி வரும் நேரத்துக்கு மணி வைத்துக்கொண்டு படுத்தாள். திண்டுக்கல்லில் நான் இறங்கும்போது இன்னும் விடியவில்லை. பாட்டி காலை நீட்டி, நல்ல குறட்டை. அவர் காலடியில் அந்தப் பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஜன்னல் வழியே இருட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.