படங்களுக்கும் சொல் வேண்டும்

கொல்லிமலையைக் கண்ணால் கண்டோர் சிலர். தமிழால் கண்டோர் பலர். வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஊடுருவிய காட்சியைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார். அவ்வேட்டையைப் படம்பிடிக்க அன்று கருவி இல்லை. ஆயினும் பார்வையுடையாரும் பார்வையற்றாரும் அதனை இன்றளவும் ஒருங்கே காண்கின்றனர். சொல்லின் ஆற்றல் அத்தகையது!

இன்று அதே மலையின் படங்கள் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் நாள்தோறும் குவிகின்றன. 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை அருவி, ஆடித் திங்களில் நிகழும் ஓரி விழாவின் அழைப்பிதழ் எனக் கண்ணுக்கு விருந்து பல. ஆனால் பார்வையற்ற ஒருவர்க்கு அவற்றுட் பெரும்பாலானவை ஊமைப் படங்களே.

பார்வையற்றோர் கைப்பேசியைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணைகொண்டு பயன்படுத்துகின்றனர். அது திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கித் தருவது. படத்தினுள் பொறித்த எழுத்தோ அதற்கு எழுத்தன்று, வெறும் படமே. இக்காலச் செயற்கை நுண்ணறிவு படத்தை ஓரளவு ஊகித்துச் சொல்கிறது என்பது உண்மையே. ஆயினும் அப்படம் எதற்காக வெளியிடப்பட்டது என்பதை வெளியிட்டவரன்றோ அறிவார்? மழையால் மலைப்பாதை மூடப்பட்ட செய்தியும், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இறுதி நாளும் படமாகவே வருமாயின், அவர் நிலை என்னாவது?

இஃது இரக்கத்தின்பாற்பட்டதன்று, உரிமையின்பாற்பட்டது. மின்னணு ஊடகச் செய்திகள் அனைவரும் அணுகத்தக்க வடிவில் அமைய அரசு வழிசெய்ய வேண்டும் என 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. எண்ணிமச் சேவைகளை அணுகுவதும் வாழ்வுரிமையின் கூறே என 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் அரசையும் நிறுவனங்களையும் கேட்கும். நம் பதிவுகளுக்கோ நம் மனச்சான்றே காவல்.

செய்ய வேண்டுவன அரியன அல்ல. முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் படத்திற்கு மாற்றுரை எழுத இடமுண்டு. அவ்வசதி இல்லாவிடத்துப் படத்தின் கீழேயே எழுதலாம். ‘அழகிய அருவி’ என்பது விளக்கமாகாது. ‘கொல்லிமலை ஆகாய கங்கை, செங்குத்தான பாறையினின்று வெண்ணிறமாய் வீழ்கிறது, அடியில் சிலர் நீராடுகின்றனர்’ என்பதே விளக்கம். அருவிக்குச் செல்ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும் என ஒரு வரி சேர்த்தால், சக்கர நாற்காலியில் வருவோர்க்கும் முதியோர்க்கும் அது பேருதவி. அழைப்பிதழைப் படமாக அனுப்புவோர் நாள், நேரம், இடம் ஆகியவற்றை ஒருங்குறி எழுத்திலும் தருக. காணொளிகளுக்குச் செவித்திறன் குறைந்தோர் பொருட்டு எழுத்துரை சேர்க்க. கருவி தானே எழுதியதாயின் பிழை திருத்தி வெளியிடுக. பூக்குறிகளை வரிசையாக அடுக்காதிருக்க; திரைவாசிப்பான் அவை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் படிக்கும்.

‘எம் பக்கத்திற்குப் பார்வையற்றோர் எவரும் வருவதில்லையே’ என்பார் உளர். வாயிலை அடைத்துவிட்டு, வருவாரில்லை என்பது முறையாகுமா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்கள் நம் வகுப்பறையிலும் தெருவிலும் வீட்டிலும் வாழ்வோரே.

மாணவச் செல்வங்களே! ஒரு காட்சியைச் சில சொற்களில் செவிக்குக் காட்டுவது தமிழ் பயில்வோர்க்குரிய பணியன்றோ? தமிழ்த்துறைகள் இதனை எழுத்துப் பயிற்சியாகவே வகுப்பில் மேற்கொள்ளலாம். கல்லூரி விழாக்களின் அழைப்பிதழ்களும் சுற்றறிக்கைகளும் இனிப் படத்தோடு எழுத்தாகவும் வரவேண்டும். பெரியோர்கள் தாம் நடத்தும் அமைப்புகளிலும் இவ்வழக்கத்தைத் தொடங்கி வைத்தல் நன்று. அடுத்த படத்தை அனுப்புமுன் இரண்டு வரி எழுதுவோம். காணாதாரும் நம்மோடு காணட்டும்.