சுரைக்கொடிக்காக ஒரு கலவரம்

"லத்தீன் பூசைதான் உண்மையான பாரம்பரியம், மத்ததெல்லாம் நேத்து வந்த சரக்கு" என்று என் வயதுக் கத்தோலிக்க நண்பர்கள் பேசும்போதெல்லாம் எனக்குச் சுரைக்கொடிதான் ஞாபகம் வரும்.

இறைவாக்கினர் யோனாவுக்கு நிழல் தந்த செடியைப் பழைய லத்தீன் விவிலியம் சுரை என்றது. எபிரேயத்திலிருந்து புதிதாக மொழிபெயர்த்த ஜெரோம் அதை ஐவிக் கொடி ஆக்கினார். வட ஆப்பிரிக்காவின் ஒயா நகரில் ஆயர் அதை வாசிக்கவைத்ததும் கோயிலுக்குள் ஒரே கூச்சல். தன் மக்களையே இழந்துவிடுவோமோ என்று ஆயர் பயந்துபோனார். 403இல் அகுஸ்தீனார் இதை ஜெரோமுக்கே எழுதி, கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்தால் போதுமே என்றார்.

ஜெரோமின் அந்தப் 'புதுச் சரக்கு'தான் வுல்காத்தாவின் பெரும்பகுதி. 1546இல் திரெந்து பொதுச்சங்கம் அதிகாரபூர்வமானது என்று அறிவித்ததும் அந்த வுல்காத்தாவைத்தான். ரோமிலேயே முதலில் வழிபாடு கிரேக்கத்தில்தான் நடந்தது. 'கீரியே எலெய்சோன்' லத்தீன் பூசைக்குள் இன்றும் கிரேக்கமாகவே ஒலிக்கிறது.

லத்தீனில் பாடுங்க, நானும் கூடவே பாடுறேன். அதன் அழகை நான் மறுக்கவில்லை. ஆனா கிரேக்கம் போய் லத்தீன் வந்ததே, அன்றைய ரோம் மக்கள் பேசிய மொழி அதுதான் என்பதால்தானே? 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்குக் கதவைத் திறந்தபோது பாரம்பரியத்தை உடைக்கவில்லை, அதைத் தொடர்ந்தது. நீங்கள் காக்க நினைப்பது பாரம்பரியத்தை அல்ல, அது ஒருநாள் இளைப்பாறிய திண்ணையை.