மறைத்து வைத்த கட்டி



எங்கள் லயத்தில் பால்மரம் வெட்டிய ஓர் அம்மா, மார்பில் தோன்றிய கட்டியை எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கம். அதைவிட, 'புற்றுநோய் என்றால் சாவுதானே' என்ற பயம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது.

அந்தப் பயத்தை எதிர்த்து நின்றவர்களும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரத்தை அவர் அழுது தீர்த்துவிடவில்லை. பல ஆண்டுகள் பாடுபட்டு, 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆரம்பத்தில் இருந்தவை 12 படுக்கைகளே. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1975-ல் அது வட்டாரப் புற்றுநோய் மையமாக அங்கீகாரம் பெற்றது. கையில் காசில்லாத ஏழைகளுக்கும் அங்கே வைத்தியம் கிடைத்தது. 2021-ல் கண்மூடும்வரை டாக்டர் சாந்தா சொல்லி வந்தது ஒன்றுதான்: தொடக்கத்திலேயே கண்டால் குணப்படுத்தலாம்.

ஆகவே தாய்மார்களே, மார்பில் கட்டி, வாயில் ஆறாத புண், மாதவிலக்கு நின்றபின் இரத்தப்போக்கு, இவற்றில் எது கண்டாலும் உடனே அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுவதை விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டு அக்கா போகத் தயங்கினால், துணைக்கு நீங்கள் போங்கள். ஒருநாள் சம்பளம் போனால் போகட்டும். அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு துணை இருந்திருந்தால், இன்று பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வந்திருப்பார்.