கலர் கலரா ஒரு மூளை, ஆனா யாரோடது?

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி அதிகம், இந்தப் பக்கம் வரவே முடியலை. இன்னிக்கு வயித்தெரிச்சல் எழுத வெச்சிடுச்சு.

புனேயில எங்க பில்டிங் மூணாவது மாடியில ஒரு திருநெல்வேலி அக்கா. ஏழு வயசுப் பையன் சரியா படிக்கலைன்னு ஏதோ ஒரு சென்டருக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. தலையில குல்லா மாட்டி, உள்ளே ஒளியை அனுப்பி, கலர் மூளைப் படத்தோட ஒரு ஃபைல். "தம்பி, இந்த இடம் நீலமா இருக்கே, இவனுக்கு மூளையில கோளாறாப்பா?" பையன் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டிருந்தான்.

மக்களே, நான் சிக்னல் ப்ராசசிங்ல பொட்டி தட்டற ஆள். அந்தக் கருவி மேல எனக்குக் கோபம் இல்லை. அண்மை அகச்சிவப்பு ஒளியை வெச்சு ரத்தத்துல ஆக்சிஜன் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கலாம்னு 1977லேயே ஜோப்சிஸ் காட்டிட்டார். ஒளி விடற இடத்துக்கும் வாங்கற இடத்துக்கும் சுமார் 3 செ.மீ. இடைவெளி, எட்டற ஆழம் தலைத்தோல்லேர்ந்து 2 செ.மீ. போனா பெரிசு. அதுலயும் தோல், எலும்பு போக மிச்சம்தான் மூளை. கருவி கொடுக்கறது வெறும் எண்கள். அந்தப் பையனோட மூளை மடிப்பு எப்படி இருக்கும்னு அதுக்குத் தெரியவே தெரியாது.

அப்போ படத்துல இருக்கிற மூளை? ஃபைல் மூலையில பொடி எழுத்துல 'கொலின்27'. மான்ட்ரியல்ல ஒரே ஒரு மனுஷரை 27 தடவை எம்.ஆர்.ஐ. எடுத்து, சராசரி பண்ணி செஞ்ச மாதிரி மூளை அது. பொருட்காட்சியில அட்டை ஹீரோவுக்கு மேல நம்ம தலையை நீட்டி போட்டோ எடுப்போமே, அதேதான்.

ஆராய்ச்சியாளர்களும் பொது மூளையைத்தானே பயன்படுத்தறாங்கன்னு கேப்பீங்க. ஆமா. ஆனா அவங்க மூக்கு மேல் பள்ளத்துலேர்ந்து பின்மண்டை மேடு வரைக்கும், காதுலேர்ந்து காது வரைக்கும் அளந்து, ஒவ்வொரு புள்ளியும் தலையில எங்க இருக்குன்னு குறிச்சு, பல பேர் சராசரியைத்தான் பேசுவாங்க. ஒத்த ஆளுக்குத் துல்லியம் வேணும்னா, அந்த இடங்கள்ல வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டி அவரையே எம்.ஆர்.ஐ. எடுக்கறதும் உண்டு, மாத்திரை படத்துல பளிச்சுனு தெரியும். தோலோட ரத்த ஓட்டத்தைக் கழிக்க 8 மி.மீ. தூரத்துல தனியா ஒரு உணரி வைப்பாங்க. இந்தியத் தலைகளுக்குன்னே 6லேர்ந்து 60 வயசு வரைக்கும் ஐந்து மாதிரி மூளைகளை, நிம்ஹான்ஸ் ஆளுங்க இருந்த குழு 2020ல வெளியிட்டாச்சு. அதையாவது எடுத்திருக்கலாம்ல?

"குல்லா மாட்டறதுக்கு முன்னாடி டேப் வெச்சு அளந்தாங்களாக்கா?"

"இல்லப்பா, ரெண்டே நிமிஷத்துல மாட்டிட்டாங்க."

குல்லா 1 செ.மீ. நகர்ந்தா பக்கத்து மடிப்புக்கே போயிடும். அந்த நீலம், நடுவுல மாட்டின அடர்த்தியான முடியாக்கூட இருக்கலாம். அதைக் காட்டி ஒரு குழந்தைக்கு முத்திரை குத்தறதுக்குப் பேரு அயோக்கியத்தனம்.

போர்டு தெரியுதான்னு முதல்ல கண் டாக்டர்கிட்ட காட்டுங்கக்கான்னேன். சனிக்கிழமை போறாங்க. ஃபைல் இப்போ என்கிட்டதான் இருக்கு, பையன் கண்ணுல படாம.